ஊர் இல்லாத தொடர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேற்று மொழிப் படங்களையும் தொடர்களையும் தமிழில் மறுபடி எடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வடஆற்காட்டுக்காரர்கள் அப்படிச் சொல்லவே கூடாது. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் அதே பாரதம்தான் திரும்பத் திரும்பக் கூத்தாக நடக்கிறது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வாயைத் திறந்தால் அஸ்தினாபுரத்துக்குள் எங்கள் ஊர் ஏரியும், வறண்டு கிடக்கும் பாலாறும் வந்துவிடும். கதை யாருடையதாக இருந்தாலும் பேச்சு எங்களுடையது.

இன்றைய தொடர்களில் எனக்குள்ள மனக்குறை இதுதான். கதையை எடுத்து வருகிறார்கள், ஊரை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

நான் குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறவள். மடியில் முறம், கண் இலையில், காது தொலைக்காட்சியில். எங்கள் தெருப் பெண்கள் தொடர்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். அதனால் ஒரு தொடரின் தரத்தை அதன் பேச்சை வைத்தே சொல்லிவிடுவோம். ஒரு செய்தி கேட்டு வீட்டிலுள்ள அத்தனை பேரும் அதிர்ந்து நிற்க, முகம் முகமாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் மேளத்தை முழக்குகிறார்களே, முறத்தைப் பார்த்துக் குனிந்திருப்பவளுக்கு அது வெறும் இரைச்சல். 2002 முதல் 2005 வரை வந்த திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யை நினைத்துப் பாருங்கள். சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யார் பேசுகிறாள் என்று நிமிர்ந்து பார்க்காமலே தெரியும். மாமியார் குரல் கேட்டாலே எங்கள் கை ஒரு நொடி நிற்கும்.

மறு ஆக்கத்திலும் இது முடியும். ‘பாக்கியலட்சுமி’ 2019இல் வங்காளத்தில் தொடங்கிய ‘ஸ்ரீமொயீ’ தொடரின் கதை. இந்தியில் ‘அனுபமா’வும் அதிலிருந்து வந்ததுதான். கணவன் வேறொருத்தியை நாடிப் போன பிறகு சமையலையே தொழிலாக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் பெண்ணாகப் பாக்கியா இங்கே வந்தாள். அடுப்படியில் நின்று அவள் பேசிய இடங்களில் எங்கள் தெருவே வாய்மூடிக் கேட்டது. ஆனால் பல தொடர்களில் ஒரு கல்யாணம் வந்தால் போதும், மெஹந்தி இரவு, வட்டமாக நின்று நடனம், ஒரே நிறத்தில் உடை. நலங்கு எங்கே? பெண்ணழைப்பு எங்கே? தாய்மாமன் சீர்த்தட்டோடு நுழையும்போது வரும் சண்டையும் சமாதானமும் எங்கே? அதில் இல்லாத நாடகமா?

படம் எடுப்பவர்கள் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2013இல் மலையாளத்தில் ‘திரிஷ்யம்’ எடுத்த ஜீத்து ஜோசப்தான் 2015இல் ‘பாபநாசம்’ படத்தையும் எடுத்தார். ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கமானார், ஜெயமோகன் வசனத்தில் வீடே நெல்லைத் தமிழ் பேசியது. ‘கில்லி’யும் அப்படித்தான். எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் நிறைய. சித்தூர் போய் அதன் தெலுங்கு மூலமான ‘ஒக்கடு’ பார்த்தவர்களும் உண்டு. அதில் சார்மினாரில் ஒளிந்திருந்த பெண் தமிழில் சென்னைக் கலங்கரை விளக்கத்துக்கு வந்தாள், கர்னூல் மதுரையானது. முடிவு தெரிந்தவர்களும் மறுபடி ரசித்தார்கள். 2024இல் திரும்ப வெளியிட்டபோதும் திரையரங்கில் கூட்டம்.

இன்னொன்றும் கேட்க ஆசைப்படுகிறேன். மதுரை, கோவை, நெல்லை என்று மூன்று திசைப் பேச்சும் திரைக்கு வந்துவிட்டன. வேலூர்ப் பேச்சை எந்தத் தொடரிலும் நான் கேட்டதில்லை. தெலுங்கும் உருதும் கலந்து பழகிய தமிழ் எங்களுடையது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். இலை சரியில்லை என்று பீடியைக் கழித்துக் கூலியைக் குறைக்கும்போது ஏஜெண்டிடம் வாதாடும் பெண்கள் இருக்கிறார்கள். தினமும் நான்கு குழி தோண்டும் வில்லி எங்களுக்குத் தேவையில்லை. அந்த வாதாட்டம் ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும்.

வங்காளக் கதையோ மலையாளக் கதையோ தாராளமாகக் கொண்டு வரட்டும். அதன் நாயகியைப் பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ குடிவைத்து எழுதுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வசனம் எழுதுகிறவர் யாராக இருந்தாலும், நாங்கள் முறத்தோடு திண்ணையில் உட்காரும் ஒரு பிற்பகலில் வந்து எங்கள் பேச்சைக் கேட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
பீடித் தொழிலாளி ஒருத்தி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.