ஓசு படத்துக்கு முன்னுரை பேசுகிறவர்களுக்கு

திரைப்படச் சங்கம் நடத்தும் நண்பர்களுக்கு,

வாடகைக்கு இடம் பிடித்து, திரை கட்டி, வந்த சொற்பப் பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து உலகப் படம் காட்டுகிறீர்கள். அந்த மரியாதையில்தான் உரிமையோடு எழுதுகிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ போடும்போதெல்லாம் மைக்கைப் பிடித்து “பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளின் கதை” என்று சொல்லிவிடுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். தீர்ப்பை முதலிலேயே வாசித்துவிட்டால் அப்புறம் எதை விசாரிப்பது?

ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் ரயிலேறி வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, சரி. ஆனால் மூத்தவன் கோய்ச்சி டாக்டர். எல்லோரும் ஊர் சுற்றிப் பார்க்க உடுத்திக் கிளம்பி நிற்கும்போது நோயாளிக் குழந்தை வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது, அவர் போகாமல் என்ன செய்வார்? வீடும் சின்னது. தாத்தா பாட்டிக்கு இடம் ஒதுக்கத் தன் மேசையை நகர்த்திவிட்டார்கள் என்று பேரன் குதிக்கிறான்.

ஷிகேதான் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற மகள். இறுதிச் சடங்கு முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே அம்மாவின் உடுப்பில் இன்னது எனக்கு வேண்டும் என்று கேட்கிறவள், திட்டத்தான் தோன்றும். அதே படத்தில் அப்பா நடுராத்திரி நிறையக் குடித்துவிட்டு வந்து அவளுடைய அழகு நிலையத்து நாற்காலியில் சாய்கிறார். அந்தக் காலத்தில் இப்படித்தான் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் படுத்தினார், கடைசித் தங்கை பிறந்த பிறகுதான் விட்டார் என்று அவள் முணுமுணுக்கிறாள். ஓசு இதைப் பெரிதுபடுத்துவதில்லை, போகிற போக்கில் வந்து போகிறது. சாந்தமான இந்தத் தாத்தா முன்பு யாராக இருந்தார், ஷிகேயின் கடுகடுப்பு எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் முன்னுரையைக் கேட்டுவிட்டு உட்காருகிறவர் காதில் அது விழுவதே இல்லை.

அதற்கு முன்னால், பழைய நண்பர்களோடு குடிக்கும்போது அந்த அப்பாவே சொல்கிறார்: மகன் இன்னும் பெரிய ஆளாக இருப்பான் என்று நினைத்தேன், பேட்டை டாக்டராகத்தான் இருக்கிறான். ஏமாற்றம் பிள்ளைகள் பக்கம் மட்டுமா இருக்கிறது?

காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். படம் வந்தது 1953. 1947இல் திருத்தப்பட்டு அடுத்த ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜப்பானின் குடிமைச் சட்டம், குடும்பத் தலைவரின் அதிகாரத்தையும் மூத்த மகனுக்கே வாரிசுரிமை என்ற முறையையும் எடுத்துவிட்டது. பழைய முறையில் வளர்ந்த பிள்ளைகள் புது முறையில் குடும்பம் நடத்துகிற காலம் அது. படத்தில் ஒருவரும் சட்டம் பேசுவதில்லை, பேசத் தேவையும் இல்லை.

போரில் கணவனை இழந்த நோரிகோவை உத்தம மருமகள் என்று நீங்கள் தூக்கி வைக்கிறீர்கள். அவளோ மாமனாரிடம், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை, அவரை நினைக்காத நாட்களும் உண்டு என்கிறாள். மறுமணம் செய்துகொள் என்று சொல்வது அந்த மாமனார்தான்.

இன்னொரு வேண்டுகோள். ஓசுவோடு நின்றுவிடாமல் இன்னொரு ஜப்பானிய இயக்குநர் கோரே-எடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’கையும் (2008) போடுங்கள். முறுவலோடு சமைத்துக்கொண்டிருக்கிற அந்த அம்மா, தன் மூத்த மகன் எவனைக் காப்பாற்றப் போய் மூழ்கிச் செத்தானோ அவனை ஆண்டுதோறும் நினைவு நாளுக்கு அழைக்கிறாள். அன்பால் அல்ல, வருடத்துக்கு ஒருமுறையாவது அவன் வேதனைப்பட வேண்டும் என்பதற்காக. அவளை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

முன்னுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் நடித்தது, எந்த வருடம், ஓனோமிச்சி எங்கே இருக்கிறது, அவ்வளவு போதும், விளக்கை அணைத்துவிடுங்கள். மற்றதைப் படம் முடிந்த பிறகு பேசலாம். ஷிகேயிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தால் நானும் பேச வருகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பார்வையாளன்