மண்டலமும் மாத்திரையும்

பிளஷிங், நியூயார்க்
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். உங்கள் கடிதமும், கோயிலுக்குப் போவதால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று அச்சிட்டு யாரோ கொடுத்த துண்டுத்தாளும் கிடைத்தன. அம்மா ஒரு மண்டலம், அதாவது 48 நாள், வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்வர வேண்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்த நாட்களில் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அவர் எண்ணுவதாக எழுதிய வரியைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். கோயிலுக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது.

இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் எப்படி இருந்தேன் என்பதை உங்களுக்கு முழுதாக எழுதவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி. பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூங்கி எழும்போது, மாலை நாலரைக்கே இருட்டிவிட்டிருக்கும். பேசுவதற்கு ஆளில்லை, பசியில்லை, காரணமில்லாமல் கண்ணீர் வரும். உடன் வேலைபார்க்கும் தெலுங்குப் பெண் ஒருத்திதான் பௌன் வீதியில் இருக்கும் மகா வல்லப கணபதி கோயிலுக்கு என்னை அழைத்துப் போனாள். ருஷ்யத் தேவாலயம் ஒன்று இருந்த இடத்தை வாங்கி எழுப்பிய கோயில் அது. 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. பனியில் நடந்து போய், கனத்த கோட்டையும் காலணியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தபோது, விபூதியும் கற்பூரமும் கலந்த அந்த வாசனையில் நான் நின்ற இடத்திலேயே அழுதேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை போகிறேன். பிரதட்சிணம், அதன்பின் கீழ்த்தளத்து உணவகத்தில் ஒரு தோசை, தெரிந்தவர்களோடு அரைமணி நேரப் பேச்சு. இரண்டு மாதத்தில் தூக்கம் திரும்பியது, பசியும் வந்தது.

ஆகவே கோயில் உடம்புக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை, அனுபவித்திருக்கிறேன். ஆனால் துண்டுத்தாளில் சொல்லியிருக்கும் காரணங்களை என்னால் ஏற்க முடியவில்லை. மூலவருக்கு அடியில் இருக்கும் செப்புத்தகடு காந்த அலைகளை வெளியிடுகிறதாம். யந்திரத்தகடு வைப்பது உண்மை. ஆனால் செம்பு காந்தமல்ல. பீடத்தில் திருமேனியை நிலைநிறுத்தச் சாத்தும் அஷ்டபந்தனத்தை மருந்து என்று அழைப்பதால், அதன் காற்று பட்டாலே நோய் தீரும் என்கிறார்கள். அது கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, வெண்ணெய் முதலானவற்றை இடித்துச் சேர்க்கும் பற்று. மணியோசை ஏழு வினாடி நின்று உடம்பில் இருப்பதாக யோகத்தில் சொல்லும் ஏழு சக்கரங்களைத் தொடுகிறது என்பதும் அப்படித்தான். மணியடிக்கும்போது குருக்கள் சொல்லும் மந்திரம் தேவர்கள் வருக, தீயவை விலகுக என்று மட்டுமே கேட்கிறது. அதுவே போதுமான அழகுடையது என்று எனக்குப் படுகிறது. செப்புப் பாத்திரத்தில் பல மணி நேரம் வைத்த நீரில் கிருமிகள் சாகும் என்பது மட்டும் சோதனையில் உறுதியானது, அப்பா. அதற்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பில்லை.

எனக்கு நெருக்கமான ஓர் ஆய்வைச் சொல்கிறேன், ஏனெனில் அதில் பங்கேற்றவர்கள் அனைவரும் என்னைப் போன்ற செவிலியர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் இந்நாட்டின் 74,500 பெண் செவிலியர்களைப் பதினாறு ஆண்டுகள் கவனித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் ஒருமுறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களிடையே, ஒருபோதும் போகாதவர்களைவிட இறப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அவர்கள் போன இடத்தில் செப்புத்தகடும் இல்லை, அஷ்டபந்தனமும் இல்லை. புகைபிடிக்காதது, மனச்சோர்வு குறைந்தது, கைகொடுக்க மனிதர்கள் இருந்தது ஆகியவற்றையே ஆய்வாளர்கள் பகுதிக் காரணங்களாகக் காட்டினார்கள். அதைப் படித்தபோது என் முதல் குளிர்காலம்தான் நினைவுக்கு வந்தது.

நம் பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஆண்டு தவறாமல் சமயபுரத்தாளுக்கு மாவிளக்குப் போட்டவர். அவருடைய இடது கையில் அம்மை குத்திய தழும்பும் இருந்தது. ஊசியைப் போட்டுக்கொண்டதால் மாரியம்மாளிடம் பக்தி குறைந்ததாக அவர் ஒருநாளும் எண்ணவில்லை. இந்தியாவில் பெரியம்மை 1975இல் நின்றது. ஊசிதான் அதை நிறுத்தியது, பாட்டி விளக்கை நிறுத்தவில்லை. அந்தக் கோயில் மூலவரான வைத்தியநாத சுவாமி 4448 வியாதிகளையும் தீர்ப்பவர் என்று நம்புகிற அம்மாவுக்கு, மாத்திரையும் அவர் அருளால் வந்ததே என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

சில காரியங்களில் மட்டும் கவனம் வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுத் தரிசனம் முடியும்வரை பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். விரதம் இருந்தே தீர வேண்டுமென்றால் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதிய வெயிலில் பிரகாரக் கல்லில் வெறுங்காலோடு நடக்க விட வேண்டாம். பல ஆண்டு சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடலாம். சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் வரும், அது புண்ணாகும். அப்படி வந்தவர்களின் பாதத்துக்கு இங்கே நான் கட்டுப் போடுகிறேன். காலை நடை திறந்ததும் போய்வரட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளத்தில் வெல்லம் கரைப்பதும், உப்பும் மிளகும் செலுத்துவதும் அவர் விருப்பம்போல் நடக்கட்டும். அங்கு மருந்தாகத் தரும் திருச்சாந்துருண்டையைப் பிரசாதமாக வாங்கிக்கொள்ளட்டும்; மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

மண்டலம் தொடங்கும் முன் ஒருமுறையும், முடிந்த பின் ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை செய்து இரண்டு சீட்டையும் எனக்கு அனுப்புங்கள். அம்மா தினமும் நடப்பதால் இரண்டாவது சீட்டு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். அதே கோயிலின் முத்துக்குமாரசுவாமி சந்நிதி விபூதி ஒரு பொட்டலம் அதோடு வையுங்கள். என்னிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.

உங்கள் அன்பு மகள்