இஞ்சினுக்கும் ஊர்ப் பெயர் உண்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குப் பனிதான் காரணம் என்று சொன்னால் நம்ப மாட்டாய், சோம்பல்தான். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் ஓடுவதில் என் முழங்கால் போய்விட்டது, மற்றபடி நலம்.

ஃபோர்டுக்காரன் மறைமலை நகருக்குத் திரும்ப வருகிறான், ஆனால் கார் கிடையாது, வெறும் இஞ்சின்தான், இது மாப்பிள்ளை வராமல் சீர்வரிசை மட்டும் வந்த கதை என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருக்கிற, கனடாவிலுள்ள இந்த வின்ட்சர் ஊரின் பிழைப்பில் ஒரு பங்கு அந்தச் சீர்வரிசைதான், தெரியுமா?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெட்ராய்ட், இந்தப் பக்கம் நாங்கள். வேடிக்கை என்னவென்றால் இந்த இடத்தில் கனடா தெற்கே, அமெரிக்கா வடக்கே. ஃபோர்டின் மஸ்டாங் காருக்கான 5.0 லிட்டர் வி8 இஞ்சின், அதாவது எட்டு சிலிண்டர் இஞ்சின், இங்கே ஃபோர்டின் எஸெக்ஸ் ஆலையில் உருவாகிறது. கார் உருவாவது ஆற்றைத் தாண்டி, மிச்சிகனில் ஃபிளாட் ராக் என்ற ஊரில். நாம் படித்த காலத்தில் இஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி, பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்துத்தானே வெளியே விடுவார்கள்? இப்போது பெரும்பாலான ஆலைகளில் அது இல்லை. மின் மோட்டார் வைத்துச் சும்மா சுழற்றி, அழுத்தத்தையும் அதிர்வையும் கம்ப்யூட்டர் அளந்து பார்க்கிறது, அவ்வளவுதான். இந்த ஊரிலும் அப்படித்தான் என்றால், வின்ட்சரில் பிறந்த இஞ்சின் முதல் மூச்சு விடுவது அமெரிக்காவில்.

போன கோடையில் பையன் ஒரு பழைய கார் கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். பானெட் திறந்து நின்ற ஒரு மஸ்டாங்கை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு தாடிக்காரர் அதன் சொந்தக்காரரிடம் கேட்டார்: “வின்ட்சரா, கிளீவ்லாந்தா?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். 1970 வாக்கில் ஃபோர்டிடம் 351 கன அங்குலத்தில் இரண்டு வி8 இஞ்சின்கள் இருந்தன. அளவு ஒன்று, ஆனால் சிலிண்டருக்கு மேலே மூடுகிற ஹெட் வேறு, வால்வு சாய்ந்து நிற்கிற விதம் வேறு. குழப்பம் வராமலிருக்க, செய்த ஊரின் பெயரையே வைத்து 351 வின்ட்சர், 351 கிளீவ்லாந்து என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊரில் சுங்குடி என்றால் சின்னாளப்பட்டியா என்று கேட்பதைப் போல. இதில் இன்னொரு கூத்து: அந்தக் கிளீவ்லாந்து இஞ்சினைப் பின்னால் ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரிலும் செய்தார்கள். ஆனாலும் பெயர் கிளீவ்லாந்துதான். ஊர் விட்டு ஊர் போனாலும் இனிஷியல் மாறவில்லை!

இந்த ஊர் ஃபோர்டு சரித்திரம் 1904-லேயே தொடங்குகிறது. வாக்கர்வில் என்று இருந்த இடத்தில் ஒரு வண்டிப் பட்டறையில் கனடா ஃபோர்டு ஆரம்பித்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து அனுப்பினால் சுங்கம் குறைவு, அதுதான் கணக்கு. 1926-இல் இந்தியாவில் ஃபோர்டு கம்பெனி வைத்தபோதுகூட அது கனடா ஃபோர்டின் கிளையாகத்தான் வந்தது. ஆக, உங்களுக்கு நாங்கள் கொஞ்சம் பழைய சம்பந்தி.

சரி, உன் சந்தேகத்துக்கு வருகிறேன். இஞ்சின் ஆலை நிலைக்குமா என்பதுதானே? சிலிண்டர் துளை குடைகிற போரிங், அதை வழவழப்பாக்குகிற ஹோனிங், கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங் என்று மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற இயந்திரங்களை இறக்கி, தளம் போட்டு நிறுத்திவிட்டால் யாரும் லேசில் பிடுங்கிக்கொண்டு போக மாட்டார்கள். அதனால்தான் ஒரே ஆலை பல கார்களுக்குச் செய்து கொடுக்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கண்டமும் இருக்கிறது. வேறு ஊர்க் கார் விற்காவிட்டால் இங்கே ஷிஃப்ட் குறையும். வேல்ஸில் பிரிட்ஜெண்ட் ஆலை 1980-இல் தொடங்கி நாற்பது வருஷம் இஞ்சின் செய்தது. ஜாகுவார் லேண்ட் ரோவருக்குச் செய்து கொடுத்த ஒப்பந்தம் முடிந்தது, புது ஆர்டர் போதவில்லை, 2020-இல் பூட்டிவிட்டார்கள். இங்கே எஸெக்ஸும் 2007-இல் நின்றது. புது வி8 வந்ததும் திரும்பத் திறந்தது. இரண்டுமே நடக்கும்.

2029-இல் தொடங்கும், வருஷத்துக்கு 2,35,000 இஞ்சின், 3,250 கோடி முதலீடு என்று நீ அனுப்பிய செய்தித் துண்டில் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு தடவை கைவிட்டுப் போனவன் என்று நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு என்னவோ, கார் வருவதைவிட இஞ்சின் வருவது பிடித்திருக்கிறது. கடைசல் பழகிய கைக்கு அங்கேதான் வேலை.

ஒரு உதவி செய். அந்தப் பக்கம் போனால், கேட்டுக்கு எதிரே நாம் நின்று டீ குடித்த கடை இருக்கிறதா என்று பார்த்து எழுது. பூட்டியிருந்தால் அதையும் எழுது.

அன்புடன்,
ராமு