பிள்ளை பெற்ற அலுப்பு என்று ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பதிவுக்கு வரும் கர்ப்பிணியிடம் எத்தனையோ கேட்கிறோம். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, முதல் பிரசவம் சிசேரியனா, கரு கலைந்ததுண்டா? அதோடு, "கொரோனா வந்ததா, வந்தபின் உடம்பு பழையபடி ஆனதா?" என்றும் கேட்டு எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு 2021 மே மாதம், ஏழாம் மாதக் கர்ப்பத்தில் தொற்று வந்தது. நான்கு நாள் காய்ச்சல். வீட்டிலேயே சரியானது. ஜூலையில் சுகப்பிரசவம், குழந்தை இரண்டே முக்கால் கிலோ. எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். குழந்தைக்கு ஒரு வயதானபோது அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, உட்கார்ந்தபடி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நின்றால் நெஞ்சு படபடக்கிறதாம். சற்றுத் தெம்பாக இருக்கிற நாளில் இருக்கிற துணியையெல்லாம் துவைத்துப் போட்டுவிடுகிறாள். அடுத்த இரண்டு நாள் பாயை விட்டு எழ முடிவதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய், மாமியாரிடம் பேச்சு வாங்கியதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். வைத்தியத்துக்குப் போன இடத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்கு ஹீமோகுளோபின் 12 இருந்தது, ரத்தசோகையே இல்லை! கொரோனா வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முன் பல முறை அவளைப் பார்த்த நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கொரோனா போன பின்னும் விடாத இந்தத் தொல்லையை 'நீண்டகால கோவிட்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே இதற்கு வரையறை தந்துவிட்டது. தொற்று தொடங்கி வழக்கமாக மூன்று மாத அளவில் காணப்படும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள்: அசதி, மூச்சிரைப்பு, மறதி. கர்ப்ப காலத்தில் தொற்று வந்த சுமார் 1,500 பேரை அமெரிக்காவில் கவனித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 100-க்கு 9 பேர் இப்படி அவதிப்பட்டது தெரிந்தது. நம் பெண்களை யார் எண்ணிப் பார்த்தோம்?

தாயோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. சிலருக்குக் கிருமி நச்சுக்கொடியையே தாக்குகிறது. அங்கே திசு அழிந்து, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, குழந்தைக்குப் பிராணவாயு குறைந்துபோகிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தார்கள். டெல்டா வகைக் கொரோனா பரவிய காலத்தில், தொற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு சுமார் 6 குழந்தைகள் இறந்து பிறந்தன. தொற்றோடு வந்தவர்களில் 27. தொற்று கண்ட தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுத்தார்கள் என்பதும் உண்மை. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால், "குழந்தை அசைவு குறைந்த மாதிரி இருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால், காய்ச்சல் லேசானதுதானே என்று அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

நம் நாட்டில் கர்ப்பிணிகள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள 2021 ஜூலை 2-ஆம் தேதிதான் அனுமதி வந்தது. இரண்டாம் அலை அதற்குள் அடித்து ஓய்ந்திருந்தது. பிறகு வீடு வீடாகப் போனபோது, ஊசி போட்டால் கரு கலைந்துவிடும் என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதியே இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நாங்கள்தானே.

அந்தப் பெண் இப்போது இரண்டாவது முறை உண்டாகியிருக்கிறாள். போன வாரம் பதிவுக்குப் போய் வந்தாள். தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பார்த்தேன். கொரோனா பற்றியோ, ஓராண்டுக்கு மேல் அவள் பட்ட பாடு பற்றியோ ஒரு வரி இல்லை. ஓரத்தில் எழுத இடம் இருந்தது. "அடுத்த முறை டாக்டரம்மாவிடம் நீயே எடுத்துச் சொல்லம்மா, அந்த ஓரத்தில் எழுதித் தரச் சொல்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.