தெருவுக்கு வரும் தண்ணீரை அளந்து சொல்லுங்கள்

சென்னையின் குடிநீர் வழங்கலுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெரு அடிபம்பில் சாக்கடை நாற்றத்துடன் தண்ணீர் வருவதாக நாங்கள் கொடுத்த புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகச் சென்ற வாரம் குறுஞ்செய்தி வந்தது. அன்று காலையிலும் முதல் சில குடங்கள் கறுப்பாகவே வந்தன என்பதைத் தீர்த்துவைத்தவர்களின் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்.

விடியுமுன்பே பெண்கள் பம்படியில் குடங்களை வரிசையாக வைத்து, முதலில் வருவதைக் கால்வாயில் கொட்டிவிட்டு, நாற்றம் குறைந்தபின் வருவதைத் துணி கட்டிப் பிடிக்கிறார்கள். அதுவும் பாத்திரம் கழுவத்தான் ஆகும். தெருவுக்கு வந்து சேர்வதை அளக்கக் கருவி எதுவும் இல்லாததால், கொட்டிய தண்ணீரும் தங்கள் ஏட்டில் எங்களுக்கு வழங்கிய தண்ணீராகவே இருக்கும். குடிப்பதற்கு 20 லிட்டர் கேனை 35 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். ஆயிரம் லிட்டருக்கு 1,750 ரூபாய் ஆகிறது. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை கடல்நீரைக் குடிநீராக்கித் தருவதற்குத் தொடக்கத்தில் பேசிய விலைகூட ஆயிரம் லிட்டருக்கு 50 ரூபாயைத் தொடவில்லை. மாடிவீட்டுக்காரர் மோட்டார் போட்டு எவ்வளவு இழுத்தாலும் கட்டணம் ஒன்றுதான் என்பது தனிக்கதை.

எங்கள் கோரிக்கை ஒன்றே: ஒவ்வொரு பகுதிக்கும் திறந்துவிடும் தண்ணீரை அளந்து, அந்த அளவையும் தரப் பரிசோதனை முடிவையும் மாதந்தோறும் தெருவாரியாக வெளியிடுங்கள்.

அளப்பது முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2019 முதல் மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்குத் தண்ணீர் அனுப்புகிறது. நல்ல திட்டம்தான், மீஞ்சூர்ப் பக்கம் ஆலைகளுக்காகவும் ஆழ்குழாய்க் கிணறுகளில் உறிஞ்சி உறிஞ்சி, நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்த பிறகாவது வந்த நல்ல புத்தி. ஆனால் ஆலைக்குப் போகும் கழிவுநீர் சுத்தமாகி, அளவும் விலையும் குறிக்கப்பட்டுப் போகிறது. எங்கள் குடிநீருடனோ கழிவுநீர் இலவச இணைப்பாக வருகிறது. ஆலைக்குக் காட்டும் அக்கறையில் பாதியை எங்களுக்கும் காட்டலாம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளவும். அளந்து வெளியிடுங்கள் என்பதையே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூடவே ஒரு சிறு வேண்டுகோள்: மாதிரி எடுக்க வருபவர் காலை 10 மணிக்கு மேல் வந்தால் அவருக்கு நல்ல தண்ணீர்தான் கிடைக்கும். தயவுசெய்து விடியற்காலையில் வந்து, முதல் குடத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடி தெருவாசிகள் சார்பில்