இடையூறு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை நம் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், கள்ளக்காதலுக்கு 'இடையூறாக இருந்த' 3 வயதுக் குழந்தை அடித்துக் கொலை என்று போட்டிருந்தீர்கள். ஊரையும் வயதையும் மட்டும் மாற்றி இதே வரியை எத்தனை வருஷமாக அச்சடிக்கிறீர்கள்! இடையூறு என்பது கொன்றவன் போலீஸில் சொன்ன காரணம். அதை நீங்களே சொல்வதுபோலப் போடுகிறீர்கள். பசித்தபோது அழுததைத் தவிர அந்தப் பிள்ளை யாருக்கு என்ன இடையூறு செய்தது?

செய்தியின் கடைசியில், விழிப்புணர்வு முகாம் நடத்தப்படும் என்று ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார். நடத்தட்டும். பேனர் அடிப்பவருக்காவது பிழைப்பு ஓடும்.

நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். அப்புறம் கலெக்டர் முன்னால் ஆய்வு. டாக்டர், நான், இறந்தவளின் வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்பார்கள். என் பகுதியில் ஒருத்தி இறந்தபோது, ஏழாம் மாதத்தில் ரத்தம் 8 கிராம்தான் என்று தெரிந்தும் நீ என்ன செய்தாய் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பலன் இருந்தது. 2001-03இல் லட்சம் பிறப்புகளுக்கு 134ஆக இருந்த தமிழகத்தின் தாய் இறப்பு, 2018-20இல் 54. (108 வண்டிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை.)

அதே கிராமத்தில் ஒன்றரை வயது ஊசிக்கு வந்த ஒரு பையனின் தொடையில் மூன்று சூட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். "கொசுவர்த்தி பட்டுடுச்சுக்கா" என்றாள் அம்மா. ஒரே தொடையில் மூன்று தடவையா? எடையை எழுதினேன், ஊசியை எழுதினேன். தழும்பை எழுத ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. இரண்டே மாதத்தில் பையன் இறந்துபோனான். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவில் சந்தேக மரணம் என்று போட்டார்கள், அதோடு சரி. (அந்த 174 இப்போது புதுச் சட்டத்தில் 194 ஆகிவிட்டதாம். எண்ணையாவது மாற்றினார்களே!) ஒரு கான்ஸ்டபிள்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டியவள்தான்.

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு. அதில் என் பெயரும் இருந்தது. கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து வாங்க நோட்டு வீட்டுக்கே வரும்.

என் மகள் லண்டனில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே 2000இல் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயதுச் சிறுமியை, வளர்ப்பதாக அழைத்துப்போன உறவுக்காரியும் அவளோடு இருந்தவனும் சித்திரவதை செய்தே கொன்றார்கள். ஆஸ்பத்திரி, போலீஸ், நலத்துறை என்று யார் யார் பார்த்தும் கோட்டை விட்டார்கள் என்பதை லேமிங் பிரபு விசாரித்து 108 பரிந்துரைகள் எழுதினார். 2008 முதல் அங்கே எந்தக் குழந்தை இறந்தாலும் அதற்கென்று உள்ள குழு உட்கார்ந்து ஆராய வேண்டும். அதற்காக அங்கே பிள்ளைகள் அடிபட்டுச் சாவது நின்றுவிடவில்லை. ஆனால் பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இங்கே தாய்க்குக் கேட்கத் தெரிந்த கலெக்டருக்குப் பிள்ளைக்கும் கேட்கத் தெரியாதா?

இதெல்லாம் உங்கள் கையில் இல்லை, சரி. உங்கள் கையில் உள்ளதைக் கேட்கிறேன். 'இடையூறு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். இந்த மாதிரிச் செய்திகளின் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டம் கட்டிப் போடுங்கள். 2023இல் அதைத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டதில், அது இன்னும் வேலை செய்கிறதா என்றே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சந்தேகம். வேலை செய்கிறது.

போன தடவை என் கடிதத்தை நான்கு வரியாக வெட்டிவிட்டீர்கள். இதையும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த எண்ணை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)