ஜம்ப்சீட்டில் வேலைக்குப் போவோர் கவனத்துக்கு

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் வேறு நிறுவனத்தின் ஜம்ப்சீட் (காக்பிட் எனும் விமானி அறையில் உள்ள கூடுதல் இருக்கை) கேட்கும் விமானிகள் எல்லோருக்கும்.

முதலில் இரு நிறுவனங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விமானம் ஏறும் கேட்டுக்குச் சீக்கிரமே போய் நிறுவன அடையாள அட்டை, விமானி உரிமம், மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்திருங்கள். காக்பிட் இருக்கை என்றால் கேட் ஊழியர் உங்கள் ஊழியர் எண்ணை ‘காஸ்’ (CASS) அமைப்பில், அதாவது காக்பிட்டில் அனுமதிக்கத்தக்கவரா என்று காட்டும் கணினித் தரவில், சரிபார்ப்பார். திரையில் உங்கள் படமும் அனுமதியும் வரவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் நிறுவனம் மாறியவர்களுக்கும் இங்கேதான் சிக்கும்: தரவு இன்னும் ஏறியிருக்காது. கேட்டில் வாதாடிப் பயனில்லை, உங்கள் நிறுவனம்தான் திருத்தவேண்டும். பயணிகள் பகுதியில் இடம் இருந்தால் அதைக் கேளுங்கள்.

‘காஸ்’ சம்மதித்தாலும் கடைசி வார்த்தை கேப்டனுடையது. ஏறியதும் நேரில் போய் அனுமதி கேளுங்கள். பயணிகள் பகுதியில் உட்கார்ந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

இருக்கை காலியாக இருந்தும் இறக்கிவிடப்படுவது பெரும்பாலும் எடையால்தான். போகுமிடத்தில் வானிலை மோசமானால் மாற்று விமான நிலையத்துக்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றுவார்கள். வெயில் கடுமையாக இருந்தால் புறப்படும் எடை வரம்பு குறையும். சிறிய ரீஜனல் ஜெட்களில் இது அடிக்கடி நடக்கும். அதனால் கடைசி விமானத்தை நம்பாதீர்கள். வேலைக்குப் போய்ச்சேரத் தாமதமானால் பாதுகாப்பு தரும் வேலை ஒப்பந்தப் பிரிவுகள் பலவற்றில், மாற்று விமானமும் பார்த்து வைத்திருந்ததைக் காட்டவேண்டியிருக்கும். எத்தனை மாற்று விமானங்கள் என்பதை உங்கள் வேலை ஒப்பந்தத்திலேயே படியுங்கள்.

காக்பிட்டில் 10,000 அடிக்குக் கீழே அரட்டை வேண்டாம். வேறு விமானம் கண்ணில் பட்டால் மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.